ஒரே மணிக்கட்டு, மூன்று பதில்கள்

என் மகளுக்கு நான்கு மாதம் நிறைந்த வாரத்தில் என்னால் ஒரு மைலோ டப்பாவைத் திறக்க முடியவில்லை. வலது கைக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, சுரீர் என்று ஒரு வலி. கை தானாக விலகிக்கொண்டது. டப்பா சமையலறைத் தரையில் உருண்டு ஓடியது.

முதலில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தூக்கம் இல்லை, இரவில் ஒரே பக்கமாகப் பிள்ளையைப் பிடித்துப் பால் கொடுக்கிறேன், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மாமி கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். "பிள்ளை பெத்த உடம்பு, காத்து புகுந்திருக்கும்மா. ரெண்டு நாள் ஒத்தடம் கொடு, போயிடும்" என்றார். இரண்டு நாள் இரண்டு வாரமானது. வலி போகவில்லை.

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள்தான் பயம் வந்தது. நான் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். பாட்டு முடியும் நேரம் பார்த்து ஒலிக்கலவைப் பலகையின் விசையை மேலே தள்ள வேண்டும். பத்து வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. அன்று தள்ளினேன். "காலை வணக்கம்" என்பதற்கு முன்னால் "ஆ" என்ற என் குரல் சிங்கப்பூர் முழுவதும் ஒலித்தது. நேயர் ஒருவர் உடனே குறுஞ்செய்தி அனுப்பினார்: "என்னம்மா, காப்பி சுட்டுடுச்சா?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று மாலை குளிப்பாட்டும்போது மகள் கையிலிருந்து நழுவப் பார்த்தாள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

மூன்று அறைகள்

முதலில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் குடும்ப மருத்துவரைப் பார்த்தேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். சாய்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "டி கெர்வேன்" என்றார். "புதிதாகப் பிள்ளை பெற்ற அம்மாக்களுக்கு அடிக்கடி வரும். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற கைப்பட்டை போடுங்கள். ஆறு வாரம் பார்ப்போம்." வலிக்குத் தடவ ஒரு களிம்பும் கொடுத்தார்.

கைப்பட்டையோடு குழந்தையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த ஆறு வாரம் எப்படி இருக்கும் என்று தெரியும். மூன்றாவது வாரமே என் கணவர், "என் கம்பெனி காப்புறுதி இருக்கே, நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போயிடலாமே" என்றார். போனோம். தனியார் நிபுணர். அன்பானவர், வேகமானவர். அதே சோதனை, அதே நோயின் பெயர். பதில் மட்டும் வேறு. "சின்ன அறுவை சிகிச்சை. கையை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வோம். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பட்டை, ஊசி என்று இழுத்துக்கொண்டே போனால் உங்களுக்குத்தான் கஷ்டம். அடுத்த வாரம் நேரம் இருக்கிறது."

என் கணவர் தலையாட்டினார். நான், "யோசிச்சுச் சொல்றோம் டாக்டர்" என்றேன். வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அவர், "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரே கைக்கு ஒருவர் "ஆறு வாரம் காத்திரு" என்றும் இன்னொருவர் "அடுத்த வாரம் வெட்டிவிடலாம்" என்றும் சொல்வது எனக்கு உறுத்தியது.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, சில வாரம் காத்திருந்து, பொது மருத்துவமனை ஒன்றின் கை மருத்துவப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் என்னைவிட இளையவர்போலத் தெரிந்தார். அவர் சொன்ன பதில் மூன்றாவது: "முதலில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாம்."

மூவருமே படித்தவர்கள், அனுபவமுள்ளவர்கள். மூவரும் ஒரே நோயைத்தான் கண்டுபிடித்தார்கள். பிறகு எப்படி மூன்று பதில்கள்? வானொலிக்காரிக்குக் கேள்வி வந்துவிட்டால் தூக்கம் வராது. பிள்ளை தூங்கும் நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன்.

குழாய்க்குள் இரண்டு கயிறு

மணிக்கட்டின் பின்பக்கத்தில் ஆறு சிறு குழாய்ப் பாதைகள் இருக்கின்றன. விரல்களையும் மணிக்கட்டையும் நிமிர்த்தும் தசைநாண்கள் அவற்றின் வழியாகத்தான் போகின்றன. கட்டைவிரல் பக்கமாக இருக்கும் முதல் பாதையில் இரண்டு தசைநாண்கள். கட்டைவிரலை விரிப்பதும் உயர்த்துவதும் அவற்றின் வேலை. அந்தப் பாதையின் உறை தடித்துப்போனால் உள்ளே கயிறு சிக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு அசைவும் வலிக்கிறது.

1895ல் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் "அம்மாவின் கட்டைவிரல்" என்றும் சொல்வார்கள். பிள்ளையின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து, கட்டைவிரலை மேலே விரித்துத் தூக்குகிறோமே, அந்த அசைவுதான் இந்தத் தசைநாண்களுக்குப் பெரும் பாரம். துணி பிழிபவர்கள், நாள் முழுக்கக் கைத்தொலைபேசியில் தட்டுபவர்கள், சமையற்கூடத்தில் கனமான பாத்திரம் தூக்குபவர்கள் ஆகியோரும் இந்த வலியோடு மருத்துவரிடம் போகிறார்கள்.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. முதல் வழி, கையின் பழக்கத்தை மாற்றிக்கொண்டு பொறுத்திருப்பது. பலருக்கு, குறிப்பாகப் புது அம்மாக்களுக்கு, காலப்போக்கில் இது தானாக அடங்கிவிடுகிறது. இரண்டாவது கைப்பட்டை. மூன்றாவது, உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி. நிறையப் பேருக்கு ஓரிரு ஊசியிலேயே வலி அடங்கும். ஆனால் ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு குறைந்து குழி விழலாம், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம். நான்காவது அறுவை சிகிச்சை. உறையின் கூரையைத் திறந்துவிட்டால் தசைநாண் சுலபமாக ஓடும். பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. ஆனால் அந்த இடத்தைக் கடந்து ஒரு மெல்லிய உணர்வு நரம்பு போகிறது. அது பாதிக்கப்பட்டால் கட்டைவிரலின் பின்பக்கம் மரத்துப்போகலாம் அல்லது தொட்டாலே கூசலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. சிலருக்கு அந்தக் குழாய்க்குள் பிறவியிலேயே ஒரு தடுப்புச்சுவர் இருக்கும். ஊசி மருந்து ஒரு பக்கம் மட்டும் போய்விட்டால் மறுபக்கத்துக் கயிறு சிக்கியபடியே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கடைசியில் அறுவை சிகிச்சைதான் விடை. ஆக, நான்கில் எதுவுமே தவறான வழி இல்லை. எது யாருக்கு, எப்போது என்பதில்தான் சிக்கல்.

நியூயார்க் பிள்ளைகளின் தொண்டை

மருத்துவர்கள் வேறுபடுவது புதிய கதையல்ல. 1934ல் அமெரிக்கச் சிறுவர் சுகாதாரச் சங்கம் நியூயார்க் பள்ளிகளில் ஆயிரம் பிள்ளைகளைப் பரிசோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தொண்டைச் சதையை, அதாவது டான்சிலை, வெட்டி எடுப்பது அக்காலத்தில் வெகு சாதாரணம். ஆயிரத்தில் 611 பிள்ளைகளுக்கு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மீதமிருந்த 389 பேரையும் மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள்.

"தேவையில்லை" என்று சொல்லப்பட்ட 215 பேரை அப்படியே வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் அதில் 99 பேருக்கு அறுவை வேண்டும் என்றார்கள். மிஞ்சிய 116 பேரை மூன்றாவது முறை அனுப்பினார்கள். 51 பேருக்கு வேண்டும் என்றார்கள். மூன்று சுற்றுக்குப் பிறகு, அறுவையே வேண்டாம் என்று தப்பித்தவர்கள் ஆயிரத்தில் 65 பேர்தான்.

இந்த எண்களைப் படித்தபோது குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதிப் பேர். பிள்ளைகளின் தொண்டை மாறவில்லை. "வரிசையில் பாதிப் பேருக்காவது இது தேவைப்படும்" என்ற எண்ணம்தான் மருத்துவர்களின் மனத்தில் நிலையாக இருந்திருக்கிறது.

1973ல் ஜான் வென்பெர்க் என்ற மருத்துவரும் ஆலன் கிட்டல்சன் என்பவரும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஊர் ஊராகக் கணக்கெடுத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே அறுவை சிகிச்சை விகிதம் பல மடங்கு வேறுபட்டது. நோய் வேறுபட்டதால் அல்ல. எந்த ஊரில் எந்த மருத்துவர் இருந்தார், அவர் எதை நம்பினார் என்பதால். அந்த எண்களை மருத்துவர்களிடமே காட்டியபோது அவர்கள் தங்கள் வழக்கத்தை மறுபரிசீலனை செய்தார்கள். டான்சில் அறுவைகள் கணிசமாகக் குறைந்தன.

கை மருத்துவத்திலும் இதைப் பற்றி ஆராய்கிறார்கள். அமெரிக்கக் கை அறுவை நிபுணர் டேவிட் ரிங் தொடங்கிய ஒரு குழுவுக்குப் பெயரே "மாறுபாட்டின் அறிவியல் குழு". ஒரே நோயாளியின் விவரத்தைப் பல நாட்டு அறுவை மருத்துவர்களுக்கு அனுப்பி, யார் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார்கள். விவரம் ஒன்றுதான். பதில்கள் மாறுகின்றன.

ஏன் மாறுகின்றன? என் மூன்று மருத்துவர்களையே எடுத்துக்கொள்வோம். குடும்ப மருத்துவர் பார்ப்பது நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களை. பட்டை போட்டுக் குணமானவர்களை அவர் தினமும் காய்கறிக் கடையில் பார்க்கிறார். அறுவை நிபுணரிடம் வருவதோ பட்டையும் ஊசியும் பலிக்காமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள். பட்டையிலேயே குணமானவர் அவர் கண்ணில் படுவதே இல்லை. அதனால் "பட்டை பலிக்காது" என்று அவர் நம்புவதில் வியப்பில்லை. அவரவர் ஆசிரியர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதும் உண்டு. கட்டணமும் காப்புறுதியும் இந்தக் கணக்கில் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் 2018ல் சுகாதார அமைச்சு தனியார் அறுவை மருத்துவர் கட்டணங்களுக்கு வழிகாட்டித் தொகைகளை வெளியிட்டது. அதே ஆண்டில், கூடுதல் காப்புறுதி எடுப்பவர்கள் கட்டணத்தில் குறைந்தது 5 விழுக்காட்டைத் தாங்களே செலுத்த வேண்டும் என்றும் அறிவித்தது. "காப்புறுதிதானே கட்டுகிறது" என்று தலையாட்டிய என் கணவரைப் போன்றவர்களும் சற்று யோசிக்கட்டும் என்றுதான்.

நம் ஊரில் ஓர் ஊசி

மணிக்கட்டு ஊசி ஒன்று நம் நாட்டுச் சட்டத்தையே பேச வைத்த கதை பலருக்கு மறந்திருக்கலாம். 2014ல் எலும்பு மருத்துவர் ஒருவர் ஒரு பெண் நோயாளியின் இடது மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். பிறகு அந்த இடத்தில் தோல் மெலிந்து வெளுத்தது. பக்கவிளைவுகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லவில்லை என்று புகார் வந்தது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவருக்கு 100,000 வெள்ளி அபராதம் விதித்தது. 2019 தொடக்கத்தில் செய்தி வெளியானதும் மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு சாதாரண ஊசிக்கே இப்படி என்றால், தற்காத்துக்கொள்ளத்தான் இனி மருத்துவம் பார்க்க வேண்டிவரும் என்று பலர் அஞ்சினார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மருத்துவரின் குறை, தொழில்முறைத் தவறு என்று சொல்லும் அளவுக்குக் கடுமையானதல்ல என்றது. தொடர்ந்து 2020ல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஜூலையில் நடப்புக்கு வந்தது. சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க நோயாளிக்கு நியாயமாகத் தேவைப்படும் தகவலை மருத்துவர் தர வேண்டும், அது சக மருத்துவர்கள் ஏற்கும் விதத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எனக்கு இதில் பிடித்த சொல் "முடிவெடுக்க". கையெழுத்துப் போட வைப்பதற்காகச் சொல்லும் தகவல் வேறு. முடிவெடுப்பதற்காகச் சொல்லும் தகவல் வேறு.

அம்மாவின் மணிக்கட்டு

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பேத்தியை மடியில் வைத்திருந்தார். "எனக்கும் இதேதானே" என்று தன் வலது கையை நீட்டினார். மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் தழும்பு. பதினைந்து வருடத்துக்கு முன்னால், அவர் பள்ளி உணவகக் கடையில் வேலை பார்த்தபோது செய்த அறுவை சிகிச்சை.

"இப்ப வலி இருக்காம்மா?"

"வலியெல்லாம் அப்பவே போயிடுச்சு. இந்த இடம் மட்டும் மரத்துக் கிடக்கு" என்று கட்டைவிரலின் பின்பக்கத்தைத் தடவினார். ஐம்பது காசு நாணயம் அளவுக்கு இருக்கும். "சூடு பட்டாக்கூடத் தெரியாது. ஆபரேஷன்னா அப்படித்தானே."

எனக்கு நெஞ்சு கனத்தது. ஏனென்றால் அன்று மருத்துவர் அறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் வகுப்புக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். அறுவை எப்படிச் செய்வார்கள் என்றார். பக்கத்தில் ஒரு நரம்பு இருக்கிறது, அது பாதிக்கப்பட்டால் மரத்துப்போகலாம் என்றார். ஊசி போட்டுப் பார்க்கும் வழியும் இருக்கிறது என்றார். எனக்கு இப்போதும் அந்த அறை ஞாபகம் இருக்கிறது. நான் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னது ஒரே வரிதான்: "சின்ன ஆபரேஷன்மா. சரியாயிடும்."

நரம்பு பாதிப்பை எப்படித் தமிழில் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் அம்மா பயந்துவிடுவார் என்றும் நினைத்தேன். அம்மாவின் நன்மைக்குத்தான் என்று நினைத்து, அவர் எடுக்க வேண்டிய முடிவை நான் எடுத்துவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இன்று தமிழில் பேசுவதுதான் என் பிழைப்பு. அன்று என் அம்மாவுக்கு நாலு வாக்கியம் தமிழில் சொல்லவில்லை.

அதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ சொல்லியிருந்தாலும் நான் ஆபரேஷன்தான் பண்ணியிருப்பேன். கடைக்குப் போகணுமே, சம்பளம் போயிடுமே" என்றார். பிறகு, "ஆனா சொல்லியிருக்கலாம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என் முடிவு

மூன்றாவது மருத்துவரிடம் நான் திரும்பிப் போனதற்குக் காரணம் அவர் ஊசி என்று சொன்னதல்ல. அவர் முதல் நாள் கேட்ட ஒரு கேள்வி: "அடுத்த இரண்டு மாதத்தில் இந்தக் கையால் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?" மற்ற இருவரும் என் கையைப் பார்த்தார்கள். இவர் அந்தக் கையை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார்.

பிள்ளையைத் தூக்க வேண்டும், பால் கொடுக்க வேண்டும், விசையைத் தள்ள வேண்டும் என்றேன். அறுவை செய்தால் தையல் பிரிக்கச் சுமார் இரண்டு வாரம், பாரம் தூக்க இன்னும் சில வாரம் ஆகும் என்று கணக்குச் சொன்னார். வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஊசியில் தோல் வெளுக்கலாம், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது எடுப்பாகத் தெரியும், பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மங்கும் என்றார். முதல் இரண்டு நாள் வலி கூடலாம் என்றார். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்றார். "ஊசி பலிக்காவிட்டால் அறுவைக்கு வருவோம். அதுவும் நல்ல வழிதான். கதவு மூடிவிடாது."

ஊசி போட்டுக்கொண்டேன். கை சிகிச்சை நிபுணர் ஒருவர் பிள்ளையைத் தூக்கும் முறையையும் மாற்றிக் கொடுத்தார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது. உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கை இடுப்புக்கு அடியிலும் ஒரு கை முதுகுக்கு அடியிலும் போக, முன்கையில் பாரம் விழுமாறு அள்ளித் தூக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்க வேண்டும். கைத்தொலைபேசியை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்ட வேண்டும். புதுப் பிள்ளை வந்த வீடுகளில் பாட்டிமார் முதல் அப்பாமார் வரை எல்லாரும் இதைப் பழகலாம்.

அவர் சொன்னபடியே முதல் இரண்டு நாள் வலி கூடியது. மூன்றாவது வாரம் மைலோ டப்பா திறந்தது. மூன்றாவது மாதம் மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. கோபம் வரவில்லை. வரும் என்று தெரிந்துதான் கையை நீட்டினேன். இதே திட்டு சொல்லாமல் வந்திருந்தால் நானும் புகார்க் கடிதம் எழுதியிருப்பேனோ என்னவோ.

மகளுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. வலி இல்லை. ஊசிதான் குணப்படுத்தியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். தூக்கும் முறையை மாற்றியிருக்கிறேன். பிள்ளை நடக்க ஆரம்பித்து என் பாரம் குறைந்திருக்கிறது. மாதங்களும் ஓடியிருக்கின்றன. எதற்கு நன்றி சொல்வது? காலப்போக்கில் குறையும் நோய்களில் கடைசியாக யார் கை வைத்தாரோ அவருக்கே புகழ் போகும். மருத்துவர்கள் தங்கள் வழியில் உறுதியாக இருப்பதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஊசிதான் சிறந்தது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எனக்குத் தெரிந்த உணவங்காடிக் கடைக்காரர் ஒருவர் இரண்டு ஊசி போட்டும் பலனில்லாமல் அறுவை செய்துகொண்டார். உள்ளே அந்தத் தடுப்புச்சுவர் இருந்ததாம். இப்போது சௌகரியமாக மீ கோரேங் கிளறுகிறார். "முதல்லயே பண்ணியிருக்கலாம்" என்கிறார். அவர் கைக்கு அது சரி.

நான்கு கேள்விகள்

அவசர நோய்களில் கேள்வி கேட்டு நிற்க நேரமிருக்காது. ஆனால் மணிக்கட்டு, முழங்கால், முதுகு போன்றவற்றில் பெரும்பாலும் ஒரு வாரம் யோசிக்க நேரமிருக்கும். பிரிட்டனில் நோயாளிகளுக்கு நான்கு கேள்விகளைச் சொல்லித் தருகிறார்கள். இதனால் என்ன நன்மை? என்ன ஆபத்து? வேறு வழி என்ன? ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? என் அனுபவத்தில் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: "இதே நிலையில் வேறு மருத்துவர் வேறு விதமாகச் சொல்வாரா, ஏன்?" நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதும் அல்ல. ஆனால் நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை மருத்துவர் மாற்றிக்கொண்டே போவதும் பயன் தராது. காரணம் கேட்கத்தான் போக வேண்டும்.

பெற்றோருக்கு மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொல் தெரியாவிட்டால் மருத்துவரிடம் "இன்னொரு முறை எளிமையாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கெட்ட செய்தியை வடிகட்டாதீர்கள். உடல் அவர்களுடையது.

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரைக்கு மருத்துவரைப் பார்க்கப் போனோம். நான்கு கேள்விகளையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். மருத்துவர் வழக்கம்போல என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அம்மா தாளை எடுக்கவே இல்லை. என் முழங்கையைத் தட்டினார்.

"இப்ப பண்ணலேன்னா என்ன ஆகும்னு கேளு. அவர் சொல்றதை அப்படியே சொல்லணும்" என்றார்.

கேட்டேன். சொன்னதை அப்படியே சொன்னேன்.